மூக்கு வழியாகப் போன கஞ்சி

என் செல்லக் கோவக்கார அப்பாவுக்கு,

உன் மலரு எழுதுகிறேன். நல்லா இருக்கியா என்று கேட்டு ஆரம்பிக்க முடியாத கடிதம் இது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்கும் பிடிக்காது.

போன வாரம் அண்ணன் வீட்டிலிருந்து பத்திரிகை வந்தது. அவன் சின்ன மகனுக்கு செட்டிகுளம் மலைக்கோயிலில் காதுகுத்து. மேலே முருகன் படம், அதற்குக் கீழே உன் பேர். முன்னால் ‘தெய்வத்திரு’ என்று போட்டு, பின்னால் ‘அன்னாரின் நல்லாசியுடன்’ என்று அச்சடித்திருக்கிறான். உன்னிடம் ஆசி கேட்க அவனுக்கு எப்படியப்பா மனசு வந்தது? அம்மா பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டு, “போவமா மலரு?” என்று மெதுவாகக் கேட்டாள். நான் பத்திரிகையை வாங்கி மடித்து வைத்தேன்.

நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதி, நீ உள்ளே கட்டிலில் கிடந்தபோது வெளியே தெருவில் நடந்தது. அதை உன்னிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.

சின்ன வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்குப் பக்கத்தில் நீ விழுந்தது இரண்டாயிரத்து மூணாம் வருஷம். திருச்சியில் ஸ்கேன் எடுத்துப் பக்கவாதம் என்றார்கள். வலது கை போச்சு, கால் போச்சு, பேச்சு போச்சு. அதோடு முழுங்குவதும் போச்சு. ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தாலும் புரையேறி முகம் கறுத்தது. அதனால் மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய் போட்டார்கள். அங்கே செலவு தாங்காமல் பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். ஊரையே அதட்டி லாரி ஓட்டிய மனுஷன், மூக்கில் குழாயோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய்.

நான் அப்போது அரியலூரில் வேறொரு ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தேன். லீவு கேட்கப் போனபோது தலைமை நர்ஸ் மேடம் தலையைத் தூக்காமலே சொன்னார்.

“உங்கப்பாவுக்கு அங்க நர்ஸ் இருக்காங்கல்ல? நீ போய் என்ன செய்யப் போற?”

“அவருக்கு ஃபீடிங் ட்யூப் போட்டிருக்காங்க மேடம். கூட இருந்து பாக்கணும்.”

“இங்கயும்தான் ட்யூப் போட்டவங்க படுத்திருக்காங்க. அவங்கள யாரு பாக்கறது?”

அங்கே என் வார்டில் ஒரு கிழவர் உன்னைப் போலவே மூக்குக் குழாயோடு இருந்தார். அவருக்கு மூணு பிள்ளைகள். எல்லாருமே வந்து, “சிஸ்டர், அப்பாவ நல்லா பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் பார்த்துக்கொண்டேன். குழாய் இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்து, தலைமாட்டை உயர்த்தி, கஞ்சியை ஊற்றி, அது தானாக இறங்கும்வரை சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த நேரமெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. உனக்கு இதை யார் செய்கிறார்கள்?

வாரத்தில் ஒரு நாள் கிடைக்கிற ஆஃபில் பெரம்பலூருக்கு பஸ் ஏறி வந்தேன். வார்டுக்குள் நுழைந்ததும் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நீ மல்லாக்கப் படுத்திருக்கிறாய். அம்மா பக்கத்தில் நின்று, சிரிஞ்சில் கெட்டிக் கஞ்சியை நிரப்பி, கட்டை விரலால் அமுக்கு அமுக்கு என்று அமுக்கிக்கொண்டிருக்கிறாள். நீ இருமுகிறாய். “இந்தா, இந்தா, இன்னும் கொஞ்சந்தான்” என்று பிள்ளைக்குப் பால் புகட்டுவதுபோல் சொல்லிக்கொண்டே அமுக்குகிறாள். உன் மார்பு கரகரவென்று சத்தம் போட்டது. வாசலிலிருந்தே எனக்குக் கேட்டது.

ஓடிவந்து சிரிஞ்சைப் பிடுங்கினேன். “யாரும்மா ஒன்ன இத செய்யச் சொன்னது?”

“ஆஸ்பத்திரியிலதான் சொன்னாங்க. கூட இருக்கறவங்கதான் ஊத்தணுமாம்.”

நான் சண்டைக்குத் தயாராகத்தான் நர்ஸ் மேசைக்குப் போனேன். அங்கே வசந்தா இருந்தாள். என் வயசுதான் இருக்கும். ஒரு கையில் ஊசி மருந்து, இன்னொரு கையில் டிரிப் பாட்டில். அந்த வார்டுக்கு அந்த நேரத்தில் அவள் ஒருத்திதான்.

“படுக்க வெச்சு ஊத்துறாங்க. நுரையீரலுக்குப் போயிடுச்சுன்னா என்ன ஆவும்னு ஒங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்களும் நர்ஸா?”

“ஆமா.”

“அப்ப நீங்களே சொல்லுங்க. ஃபீடிங்க கூட இருக்கற அட்டெண்டர்ட்ட விட்டுடு, ஊசியப் பாருன்னு எங்க மேனேஜ்மெண்ட்டு சொல்லுது. ஒங்க ஆஸ்பத்திரியில என்ன சொல்றாங்க?”

எங்கள் ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னார்கள்.

அப்பா, உனக்கு ஒன்று சொல்லணும். ஆஸ்பத்திரிகளில் ஊசிக்குப் பில் உண்டு, பாட்டிலுக்குப் பில் உண்டு. ஒரு மனுஷனைச் சாய்த்து உட்காரவைத்து நிதானமாகக் கஞ்சி ஊற்றுவதற்குப் பில் கிடையாது. அதனால் அது வேலையே இல்லை என்று ஆகிவிட்டது. ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர் நடந்துகொண்டே கேட்பார், “ஃபீடிங் போகுதா?” நாங்கள் சொல்லவேண்டியது, “போகுது சார்.” அவ்வளவுதான். எப்படிப் போகிறது, எங்கே போகிறது, யார் ஊற்றினார்கள், ஊற்றினபோது அந்த ஆள் முழித்திருந்தாரா, யாருக்கும் தேவையில்லை. கஞ்சி போனால் போதும்.

உனக்குச் சளிக் காய்ச்சல் வந்தது அதனால்தான். மார்பில் சளி கட்டி நீ கிடந்த கிடையைச் சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, “விதி” என்றார்கள். வந்தவர்களில் ஒருத்தர், “பாவம், நாக்கு ருசிக்கு ஏங்குமே” என்று அம்மா அசந்த நேரத்தில் உன் வாயில் காப்பி ஊற்றினார். பாசத்தோடுதான் ஊற்றினார். அதை என்னவென்று சொல்ல?

வசந்தா அன்றைக்கு என்மேல் கோபப்பட்டாலும், மறுநாளிலிருந்து உனக்கு ஃபீடிங்கை அவளே செய்ய ஆரம்பித்தாள். மேனேஜ்மெண்ட் கேட்டதற்கு, “காச்சல்ல இருக்காரு, நான்தான் குடுப்பேன்” என்றாளாம். அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்தாள். முதலில் உன் தோளைத் தொட்டு எழுப்புவாள். “ஐயா, பருப்புத் தண்ணி. ஒங்க வூட்டம்மா சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு வெச்சிருக்காங்க. குடுக்கட்டுங்களா?” என்று கேட்பாள். முதல் தடவை அவள் அப்படிக் கேட்டபோது நீ அழுதாயாம். விழுந்ததிலிருந்து உன்னை ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை, இல்லையா? எல்லாரும் ஊற்றினார்கள், புரட்டினார்கள், துடைத்தார்கள். சாப்பிடுகிறாயா என்று கேட்டது அவள் ஒருத்திதான்.

வாயால் சாப்பிடாதவருக்கு வாய் எதற்குக் கழுவணும் என்று அண்ணி கேட்டாள். வசந்தா துணியை நனைத்து உன் நாக்கு, ஈறு எல்லாம் துடைத்துக் காட்டினாள். எடுத்த துணியைப் பார்த்த பிறகு அண்ணி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மூக்கில் ஒட்டின பிளாஸ்டரை வசந்தா இடம் மாற்றி ஒட்டினாள். ஒரே இடத்தில் இருந்தால் புண்ணாகும், அரிக்கும், அரித்தால் கை போகும், கை போனால் குழாய் வந்துவிடும் என்றாள். அம்மா அத்தனையும் கேட்டுக்கொண்டாள்.

காய்ச்சல் இறங்கியதும் செட்டிகுளம் வூட்டுக்குக் கொண்டுவந்தோம். என் ஆஃப் நாளில் நான், மற்ற நாளெல்லாம் அம்மா. குழாய் மாற்றுகிற நாளில் வசந்தா டியூட்டி முடித்து டவுன் பஸ்ஸில் வருவாள். அம்மா எப்படித் தேறினாள் தெரியுமா? எந்தப் பயிற்சியும் இல்லாத பொம்பளை, தலையணை மூன்றைச் சேர்த்து உன்னைச் சாய்த்து, குழாயில் போட்டிருக்கிற மை அடையாளம் மூக்கு நுனியில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிஞ்சைக் கையில் எடுப்பாள். ஊற்றி முடித்தபிறகும் படுக்கவிடமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். நீ இடது கையால் அவள் முந்தானையை இழுத்து விளையாடுவாய். உன் கன்னம் தேறியது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நாளாக ஆக முழுங்குவது திரும்பக்கூடும் என்று திருச்சி டாக்டரும் சொல்லியிருந்தார்.

அண்ணனைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதங்களில் உன்னைத் தூக்கினது அவன்தான். மலஜலம் எடுத்தது அவன்தான். கடையை மூடிவிட்டு ஓடிவருவான். ஆனால் எப்போதோ ஒரு நாள் அவனுக்குள் ஏதோ தீர்ந்துபோனது. உன் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினான். வாசலில் நின்றே, “எப்படி இருக்காரு?” என்று கேட்டுவிட்டுப் போவான்.

நான் வந்திருந்த ஒரு நாளில் பெரியப்பாவையும் மாமாவையும் கூட்டிவந்தான். உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். உனக்குக் காதும் போய்விட்டதாக நினைத்தார்கள் போலிருக்கிறது.

பெரியப்பாதான் ஆரம்பித்தார். “இது ஒரு பொழப்பாம்மா? அவன் ராஜா மாரி இருந்தவன். இப்படி மூக்குல ஊத்தி வெச்சிருக்கறது அவனுக்கே அசிங்கம். நீதான நர்ஸு. நீயே அத எடுத்துடு. வேற ஆளு கை பட வேணாம்.”

“எடுத்தா என்ன ஆவும்னு தெரியுமா பெரியப்பா?”

“தெரியாமயா சொல்றோம்?”

“அப்ப நீங்களே எடுங்க. இந்தா இருக்காரு.”

யாரும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, “அவரே ரெண்டு தடவ புடுங்கப் பாத்தாரு மலரு. அவருக்கே வேணாம்னு இருக்கு” என்றான்.

“அரிப்புக்குக் கை போவுதுண்ணா. பிளாஸ்டர் மாத்தணும். அதுக்குப் பேரு சாவணும்ங்கற ஆசையா?”

பிறகு நான் உன் பக்கம் திரும்பினேன். உனக்கும் எனக்கும் ஒரு பாஷை இருந்ததே. ஒரு தடவை கையை அழுத்தினால் சரி, இரண்டு தடவை அழுத்தினால் வேண்டாம். உன் இடது கையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் கேட்டேன், “யப்பா, குழாய் இருக்கட்டுமா?” நீ ஒரு தடவை அழுத்தினாய். அழுத்தினவன் கையை விடவே இல்லை.

“பாத்தீங்களா?” என்றேன்.

அண்ணன் எழுந்து போகும்போது சொன்னான், “அவரு அழுத்துனது ஒன் கையத்தான். நீ கேட்ட கேள்விக்கு இல்ல.”

அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைக் கடித்துக்கொண்டிருக்கிறது. நீ அன்றைக்கு என்னதான் சொன்னாய் அப்பா? இருக்கட்டும் என்றாயா? இல்லை, என்னை விட்டுப் போகாதே என்றாயா? இரண்டும் ஒன்றுதான் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

நான் அரியலூருக்குத் திரும்பின அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம் நீ குழாயைப் பிடுங்கிவிட்டாய். அம்மா கடைத்தெருவுக்கு ஓடி, பி.சி.ஓ.வில் சொல்லி வசந்தாவுக்குப் போன் போடவைத்தாள். வசந்தா சாயந்திரமே புதுக் குழாயோடு பஸ் ஏறி வந்தாள். நம் தெருமுனையில் அண்ணன் அவளை மறித்தான். “அரியலூர்லேருந்து தங்கச்சி வந்து போட்டுட்டுப் போயிடுச்சு சிஸ்டர். ஒங்களுக்கு வீண் அலைச்சல்” என்றான். மகளே நர்ஸ் அல்லவா? அவள் ஏன் சந்தேகப்படப்போகிறாள்? “நல்லதுங்க. படுக்க வெச்சுக் குடுக்க வேணாம்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள்.

வூட்டுக்குள் வந்து அம்மாவிடம், “சிஸ்டருக்கு லீவு கெடைக்கலயாம். மலருக்குப் போன் பண்ணிட்டேன், அது வந்து போடும்” என்றான். எனக்கு எந்தப் போனும் வரவில்லை. அம்மா நான் வருவேன் என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் ஊற்றினால் புரையேறும் என்று வசந்தா சொல்லிக்கொடுத்திருந்தாளே, அதனால் ஊற்றவும் பயம். துணியை நனைத்து உன் உதட்டை மட்டும் ஈரப்படுத்திக்கொண்டே இருந்தாள். மறுநாளும் கேட்டாள். “வருது, வருது” என்றான்.

என் ஆஃப் அன்று காலையில் நான் வழக்கம்போல் வந்து இறங்கினேன். அம்மா ஓடிவந்து, “ஏன்டி இத்தன நாளு?” என்று என்னை அடித்தாள். உன்னைப் பார்த்தேன். நாக்கு மரப்பட்டைபோல் காய்ந்து வெடித்திருந்தது. தோலைக் கிள்ளினால் கிள்ளின இடத்திலேயே நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். அடையாளம் தெரிந்ததா அப்பா? கையைப் பிடித்தேன். நீ அழுத்தவில்லை.

வேன் பிடித்துப் பெரம்பலூருக்குக் கொண்டுபோனேன். வசந்தாதான் டியூட்டியில் இருந்தாள். உன் மூக்கைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

“ட்யூப் எங்க மலரு? நீ வந்து போட்டதா ஒங்கண்ணன் சொன்னாரே.”

“நான் வரலயே.”

“நான் வந்தேன் மலரு. குழாய எடுத்துக்கிட்டு ஒங்க தெரு வரைக்கும் வந்தேன்.”

டிரிப் பாட்டிலை மாட்டினோம். நரம்பு கிடைக்காமல் அவள் ஒரு கையிலும் நான் ஒரு கையிலும் தேடிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்வதற்கு முன்னால் நீ போய்விட்டாய். வசந்தா உன் வாயைத் துடைத்து, கண்ணை மூடிவிட்டாள்.

துக்கத்துக்கு வந்த எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள், “கஷ்டப்படாம போயிட்டாரு.” கஷ்டப்படவில்லையா? தாகத்தில் செத்தவன் நாக்கு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குக் காட்டியிருக்கணும். உன் வாயை மூடித் துணி கட்டியிருந்தார்கள். அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

கருமாதி முடிந்த பிறகு அண்ணனைக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. “ஆமா, திருப்பி அனுப்பினேன். அவரா புடுங்குனாரு. அவரு செஞ்சத நான் தடுக்கல, அவ்ளோதான். நீ வாரத்துக்கு ஒரு நாளு வந்து பாத்துட்டுப் போவ. நான் தெனம் பாத்தேன்” என்றான்.

“முடியலன்னு சொல்லியிருக்கலாம்லண்ணா. நான் அரியலூருக்குக் கொண்டுபோயிருப்பேனே.”

“மவள்ட்ட அனுப்பிட்டான்னு ஊரு பேசும்.”

இதற்குத்தான் அப்பா. ஊர் பேசக்கூடாது என்று. பெரியப்பாவிடம் சொன்னேன். “போனவன் போயிட்டான், இருக்கறவன் வாழட்டும்” என்றார். போலீசுக்குப் போகிறேன் என்றதும் அம்மா என் காலைப் பிடித்தாள். அவளுக்கு நீயும் வேண்டும், அவனும் வேண்டும். நான் போகவில்லை. அன்றிலிருந்து அவனோடு பேசவும் இல்லை.

இப்போதைய சேதி சொல்கிறேன். அம்மா என்னோடு பெரம்பலூரில் இருக்கிறாள். அரியலூர் வேலையை விட்டுவிட்டேன். இங்கே நான் சேர்ந்த ஆஸ்பத்திரியில் குழாய் போட்டவர்களுக்கு நான்தான் ஊற்றுவேன் என்று பிடிவாதமாக நிற்கிறேன். ‘கஞ்சி சிஸ்டர்’ என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். ஒரு வேலைக்கு இத்தனை நேரமா என்று இரண்டு தடவை கூப்பிட்டுத் திட்டிவிட்டார்கள். நர்ஸ் தினத்தன்று மட்டும் ரோஜாப்பூ கொடுத்து, நீங்களெல்லாம் தாய்க்குச் சமம் என்று மைக்கில் பேசினார்கள். பூவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு ஃபீடிங்குக்குப் போய்விட்டேன். வசந்தா கல்யாணம் ஆகி கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் போய்விட்டாள். எப்போதாவது போன் பண்ணுவாள். “அன்னிக்கு நான் உள்ள வந்து பாத்திருக்கணும் மலரு” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். பொய் சொன்னவன் நிம்மதியாகக் காதுகுத்து நடத்துகிறான். நம்பினவள் இன்னும் அழுகிறாள்.

வீட்டுக்கு நோயாளியைக் கூட்டிப்போகிறவர்களை எல்லாவற்றையும் செய்யவைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். கடைசியில் கூட வந்திருக்கிற பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, “முடியாமப் போனா எங்கள்ட்ட வந்து சொல்லுங்க, யாரும் ஒங்களத் தப்பா நெனைக்க மாட்டோம்” என்று சொல்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். ஒருத்தன் மட்டும் என் எதிரே நின்று தேம்பி அழுதான். அவனைப் பார்த்தபோது அண்ணன் ஞாபகம் வந்தது. ஆனாலும் மனசு இளகவில்லை அப்பா. பொய் சொல்லமாட்டேன்.

காதுகுத்துக்கு அம்மா போவாள். பஸ் ஏற்றிவிடுவேன். நான் போகமாட்டேன்.

நேற்று சாதம் போட்டுக்கொண்டே அம்மாவிடம் கேட்டேன். உனக்குப் பேச்சு இருந்த காலத்தில் கேட்காததை அவளிடமாவது கேட்டுவிடணும் என்று தோன்றியது. “யம்மா, ஒனக்கும் அப்பா மாரி ஆயிட்டா, குழாய் போடலாமா, வேணாமா?”

அம்மா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள், “நீ பக்கத்துல இருந்தா போடு. இல்லன்னா வேணாம்.”

நான் பக்கத்தில் இருப்பேன் அப்பா. லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இருப்பேன். அவள் வாசலுக்கு வருகிற எந்த சிஸ்டரையும் யாரும் திருப்பி அனுப்ப விடமாட்டேன். உனக்கு நான் கொடுக்கக்கூடிய வாக்கு இது ஒன்றுதான். அண்ணனை மன்னிக்கச் சொல்லி மட்டும் என்னிடம் கேட்காதே.

கையை இன்னும் விடாமல் பிடித்திருக்கிற,
உன் மக,
மலர்க்கொடி